பேசாதவருக்கு முப்பது விநாடி

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில். வீட்டு இணையம் மக்கர் செய்ததால் உள்ளே போய்க் குடைந்தேன். சும்மா கிடக்கும் இணைப்பை எத்தனை விநாடியில் மறக்கலாம் என்று ஒரு கட்டம் கேட்டது. அதன்பிறகு அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

முதல் தொடக்கம்: ‘இருள் கவிந்த அந்த அறையில் தொலைபேசி...’ (வேண்டாம். கதை பட்டப்பகலில் நடக்கிறது.)

2

மனம் உடைந்தவர்கள் போன் செய்யும் உதவி மையம் அது. நாலு மேசை, இணையம் வழியாக ஓடும் நாலு போன், தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல். எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் ஒருத்தி அங்கே காதுகொடுப்பவள். எதிர்முனை பேசாவிட்டால் அவசரப்படுத்தாமல் கூடவே இருக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம்.

ஒருவர் தினமும் அழைப்பார். “நான்தான்” என்பார். பிறகு பேச்சே இருக்காது. புது ரூட்டர் வந்த வாரம் அந்த அழைப்பு பாதியில் அறுந்தது. மறுநாளும் அறுந்தது. அதற்குப் பிறகு அவர் அழைக்கவேயில்லை. அழைப்பவர் எண்ணை மையம் வைத்துக்கொள்வதில்லை. திருப்பிக் கூப்பிட வழியில்லை.

ரூட்டரை மாட்டியவனுக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். வாய் ஓயாது. (முதலில் இவனைத் திமிர் பிடித்தவனாக எழுதினேன். அடித்துவிட்டேன். பாவம், நல்லவன்.)

3

“லைன்ல ஒரு குறையும் இல்லக்கா. எத்தன தடவ டெஸ்ட் பண்ணேன் தெரியுமா!”

“எப்படிப் பண்ணே?”

“ஹலோ ஹலோ, கேக்குதா, சாப்டாச்சா, அங்க மழையான்னு...”

“பேசாம இருந்து பாத்தியா?”

ரேடியோ ரூட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தான்.

அதில் போன் பேச்சுக்கென்று இருந்த தனி வசதியை ஏற்கெனவே அணைத்தும் போட்டும் பார்த்திருந்தான். கோளாறு அங்கே இல்லை. உள்ளே எத்தனை போன் இருந்தாலும் வெளியே இணையத்தில் ஒரே முகவரிதான். எந்தப் பேச்சு எந்த மேசைக்கு என்று ரூட்டர்தான் நினைவில் வைக்கும். இருவரும் பேசாவிட்டால் போன்கள் எதையும் அனுப்புவதில்லை. மூச்சு அவற்றுக்குக் கணக்கில்லை. ரூட்டரின் நினைவு நிரம்பிவிடுமே என்று, சும்மா கிடக்கும் இணைப்பை மறக்க இவன் வைத்த கெடு முப்பது விநாடி.

“நான் வெச்சுட்டேன்னு நெனச்சிருப்பாருடா,” என்றாள் அக்கா.

கெடுவை நீட்டினான். தெருவில் போய் நின்று கைப்பேசியில் அழைத்தான். பேசிவிடாமல் இருக்க உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டான். ஜன்னல் வழியாக அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது விநாடி தாண்டியும் லைன் அறுபடவில்லை.

“கேக்குதாக்கா?”

“இரு. இன்னும் கொஞ்சம் சும்மா இரு.”

அந்த ஆளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

4

முடிவு ஒன்று: மறுநாளே அவர் அழைத்து, மனம்விட்டு... (தித்திப்பு அதிகம்.)

முடிவு இரண்டு: அவர் கடைசிவரை... (எழுதக் கை வரவில்லை.)

ஆகவே இதோடு நிறுத்துகிறேன்: போன் அடிக்கிறது. அக்கா எடுக்கிறாள். மறுமுனையில் யாரும் பேசவில்லை. அவர்தானா, புதிதாக வேறு யாராவதா, எனக்குத் தெரியாது. இதற்கு மேல் ஒரு வரி எழுதினாலும் நான் குறுக்கே பேசுவதாகிவிடும். நீங்கள் வைத்துவிடாதீர்கள்.