சொந்தச் சம்பந்தம்

ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா போர்டில் பரிபூரணத்தை மெம்பராக நியமித்தபோது, பெண்பிள்ளை ஒருத்தி உட்கார்ந்திருந்தால் லட்சணமாக இருக்கும் என்றுதான் நியமித்தார்கள். வாயைத் திறப்பாள் என்று யாரும் நினைக்கவில்லை. மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியைக்கு வாயை மூடிக்கொண்டிருக்க எங்கே பழக்கம்? வந்த கொஞ்ச நாளிலேயே ஒரு தீர்மானத்தோடு எழுந்துவிட்டாள்.

மோட்டார் பஸ் ஓட ஆரம்பித்த காலம் அது. ராஜபாளையம் சாலையை அகலப்படுத்தி ஜல்லி போடுவதாக போர்டு முடிவு செய்திருந்தது. ஜல்லிக்குக் கல் வேண்டுமே. அதற்காக மலையடிவாரம் வரை வண்டி அனுப்புவானேன், சாலையோரத்திலேயே சும்மா கிடக்கிறதே என்று சில மெம்பர்களுக்குத் தோன்றிவிட்டது. மடவார் வளாகத்தை ஒட்டித் தூண் சாய்ந்து நின்ற மண்டபம், வழிப்போக்கர்கள் தங்கிப்போன, இப்போது கூரை போன முசாபர்கானா, வயலுக்கு நடுவே கண்மூடி உட்கார்ந்திருந்த சமணச் சிலை, முதன்முதலில் வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவர்களானவர்களின் கல்லறைகள், ஒரு சுமைதாங்கி. கேட்க ஆளில்லாத கல்லுக்கெல்லாம் சம்மட்டிதான் என்று ஆயிற்று. எல்லாவற்றையும் போர்டே பொறுப்பேற்றுப் பாதுகாக்க வேண்டும் என்பதுதான் பரிபூரணத்தின் தீர்மானம். பாதிப் பேர் இந்தப் பக்கம், பாதிப் பேர் அந்தப் பக்கம். அவள் கையும் உயர்ந்தால் ஜெயிக்கும்.

கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், மெம்பர் சங்கரலிங்கம் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். ஜல்லி காண்ட்ராக்ட் அவருடைய மச்சினன் பேரில் இருந்தது. மச்சினனுக்குக் கல்லுக்கும் கருப்பட்டிக்கும் வித்தியாசம் தெரியாது என்பது ஊரறிந்த விஷயம். அவர் சுற்றி வளைக்கவில்லை.

"அந்தச் சுமைதாங்கி ஒங்க அம்மையோடதாமே டீச்சரம்மா. நீங்க தீர்மானத்த வாபஸ் வாங்கிருங்க. அது ஒண்ண மட்டும் தொடாம ரோட்ட ஒதுக்கிப் போடச் சொல்லுதேன்."

உண்மைதான். பரிபூரணத்தின் அம்மா பாலம்மாள் இரண்டாவது பிள்ளையைச் சுமந்துகொண்டே செத்துப்போனாள். வயிற்றுச் சுமையோடு போனவளுக்காக ஒரு கல் நட்டால், வழிப்போக்கர்கள் அதில் சுமை இறக்க இறக்க அவள் பாரமும் குறையும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. அப்பா இரண்டு கல்லை நட்டு, மேலே ஒன்றைக் கிடத்தி, அதில் அவள் பெயரை வெட்டி வைத்தார். பிறகுதான் அவர் மகளோடு வேதத்தில் சேர்ந்தார். பாலம்மாளுக்குக் கல்லறை கிடையாது, போட்டோ கிடையாது. அவள் இருந்தாள் என்பதற்கு உலகத்தில் அந்தக் கல் ஒன்றுதான் சாட்சி. வேதக்காரிக்கு இதெல்லாம் எதற்கு என்று சபையில் முணுமுணுப்பவர்கள் உண்டு. முணுமுணுக்கட்டும், அவர்களுடைய தாய்மாருக்குக் கல்லறை இருக்கிறது.

கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டாள். அனுப்பினாளே ஒழிய, அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. தலையை ஆட்டியிருந்தால் அம்மா தப்பித்திருப்பாள்.

மறுநாள் சங்கரலிங்கம் சட்டம் பேசினார். சொந்தச் சம்பந்தம் உள்ள விஷயத்தில் மெம்பர் ஓட்டுப் போடக் கூடாது, டீச்சரம்மாவின் தாயார் கல் தீர்மானத்தில் இருக்கிறது, ஆகவே அவர் கை தூக்கக் கூடாது என்றார். அப்படியானால் ஜல்லி வண்டி யார் வீட்டுத் தொழுவத்தில் நிற்கிறது என்று பரிபூரணம் கேட்டாள். கூட்டம் சிரித்தது. அவர் கொஞ்சமும் கூசாமல், காண்ட்ராக்ட் மச்சினன் பேரில் இருப்பதை எடுத்துச் சொன்னார். பிரசிடெண்ட் வைகுண்டராஜ் நேர்மையான மனிதர், அதுதான் சங்கடம். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, காகிதத்தில் இருக்கிற பேரைத்தான் சட்டம் பார்க்கும் என்றார். அந்தக் கல் தீர்மானத்தில் இருக்கும்வரை டீச்சரம்மா ஓட்டு செல்லாது என்றும் சொன்னார்.

பரிபூரணம் எழுந்தாள். வகுப்பில் பேசுகிற அதே குரல்தான்.

"அப்ப அந்தக் கல்லத் தீர்மானத்துல இருந்து எடுத்திருங்க. மத்தது அம்புட்டும் இருக்கட்டும். இப்ப எனக்குச் சம்பந்தம் ஒண்ணுமில்ல."

சங்கரலிங்கம் இப்படி ஒன்றைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. தீர்மானத்தில் சுமைதாங்கி என்ற வார்த்தையை அடித்துவிட்டு ஓட்டுக்கு விட்டார் பிரசிடெண்ட். பரிபூரணம் கையைத் தூக்கினாள். அந்த ஒரு கையால் தீர்மானம் ஜெயித்தது.

அடுத்த சனிக்கிழமை அவள் அந்தச் சாலையில் நடந்து போனாள். மண்டபத்திலும் முசாபர்கானாவிலும் போர்டுப் பலகை தொங்கியது. சமணச் சிலையைச் சுற்றி வேலி போட்டிருந்தார்கள். கல்லறைகளைச் சுற்றி முள்ளை வெட்டிச் சுத்தமாக்கியிருந்தார்கள். பார்க்கப் பெருமையாகத்தான் இருந்தது. சுமைதாங்கி நின்ற இடத்தில் மட்டும் இரண்டு குழியும் கொஞ்சம் கல்தூளும் கிடந்தன. வேறு எதையும் தொட முடியாத ஆத்திரத்தைச் சங்கரலிங்கம் அதில் தீர்த்துக்கொண்டிருந்தார். பெயர் வெட்டிய துண்டாவது கிடைக்குமா என்று குனிந்து தேடினாள். கிடைக்கவில்லை. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. நடுச்சாலை என்றும் பாராமல் அழுதாள்.

மலைப்பக்கமிருந்து விறகுக்கட்டோடு ஒரு பெண் வந்தாள். பழக்கத்தில் குழிப் பக்கமாக ஒதுங்கியவள், தலைச்சுமையோடு திகைத்து நின்றுவிட்டாள். முன்பின் தெரியாத முகம்.

"இங்கன பாலம்மா நிப்பாளே, எங்க காணும்? எறக்கி வச்சிட்டுச் செத்த நேரம் நிக்கலாம்னு வந்தேன்."

அப்பா போனபிறகு அந்தப் பெயரை வேறொருவர் வாயால் பரிபூரணம் கேட்டதே இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டினாள்.

"நான் அவ மகதான். எங்கிட்ட எறக்கு."

கட்டு நல்ல கனமாகத்தான் இருந்தது.