கொக்கி வைத்த ஒற்றைக்கல்

ஃபானிக்குப் பிடித்தது உயரமான அமைப்பு கொண்ட மோதிரம்தான். நாலு மெல்லிய கொக்கிகள் கல்லை விரலுக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தன. கையை எப்படித் திருப்பினாலும் பளிச்சென்று மின்னியது. இன்னொன்றில் கல் வட்ட விளிம்புக்குள் அமுங்கி உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்ததும், "இது என்ன, சட்டைப் பொத்தானா?" என்று சிரித்துவிட்டாள்.

தெசலோனிகியில் அந்த நகைக்கடையை நடத்துகிற தெஸ்பினா, இரண்டு அமைப்புக்கும் பித்தளையில் கண்ணாடிக்கல் வைத்து மாதிரி செய்திருந்தார்.

"சனிக்கிழமை வரைக்கும் போட்டுப் பாரும்மா. வேலை எங்கே?"

"அப்பாவோட படகுல. சிப்பி வளர்க்கிறோம்."

"அப்போ கடலுக்குப் போறப்ப கழட்டி வச்சுடு."

அவளைக் கட்டிக்கொள்ளப்போகிற ஸ்ட்ராட்டோஸ் பக்கத்தில் நின்றான். நகரப் பேருந்து ஓட்டுகிறவன். "காதுல விழுந்துச்சா?" என்றான்.

"விழுந்துச்சு, விழுந்துச்சு. உங்கம்மா மாதிரி ஆரம்பிக்காதே."

அன்றிரவு கொக்கி வைத்ததைப் போட்டுக்கொண்டே தூங்கிவிட்டாள். காலையில் விரல் வீங்கியிருந்தது. சோப்புப் போட்டு இழுத்தும் மோதிரம் மூட்டைத் தாண்டவில்லை. வெளியே அப்பா லெஃப்டெரிஸ் வண்டியில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். மோதிரத்தின் மேலேயே ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

கடல் அமைதியாகத்தான் இருந்தது. அப்பா படகின் முன்பக்கம் வலை இழுக்கும் வின்ச்சை இயக்க, சிப்பி அப்பிய நீள வலை தண்ணீரிலிருந்து எழுந்து இரும்பு உருளைமேல் ஏறி வந்தது. பாசியைப் பிய்த்து எறிவது ஃபானியின் வேலை. பிய்த்தவள் கையை இழுத்தாள். கை வரவில்லை.

கொக்கி கையுறையைக் கிழித்துக்கொண்டு வலைக்கண்ணில் மாட்டியிருந்தது. வலை நிற்காமல் நகர்ந்தது. அவள் கையும் அதோடு உருளையை நோக்கிப் போனது.

"அப்பா!"

எஞ்சின் இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. அப்பாவின் முதுகுதான் தெரிந்தது. கழுத்தைச் சுற்றிய நீலத் துண்டு. அவர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருப்பார் என்று அந்த நேரத்திலும் தோன்றியது. விரல் அடியோடு பிடுங்கிக்கொள்வதுபோல் வலித்தது. குளிர்ந்த இரும்பு விரல்நுனியில் பட்டது. காலுக்கு எட்டிய எதையோ ஓங்கி உதைத்தாள். சிப்பிக் கூடை ஒன்று தளத்தில் சறுக்கிப் போய் அப்பாவின் காலில் மோதியது.

"என்னடி எழவு..." என்று திரும்பியவர், பார்த்த அடுத்த நொடி நெம்புகோல் மேல் விழுந்தார்.

வின்ச் நின்றது. கத்தியால் வலையை அறுத்து அவள் கையை விடுவித்தார்.

"விரல் இருக்கா? எண்ணிக் காட்டு! எண்ணுடி!"

எண்ணிக் காட்டினாள். எல்லாம் இருந்தன. ஒன்று மட்டும் அடியில் கிழிந்து, கருநீலமாக. குறட்டால் மோதிரத்தை வெட்டிக் கடலில் எறிந்துவிட்டு, அப்பா கூடையின் மேல் உட்கார்ந்து அழுதார். அவர் அழுது அவள் பார்த்ததில்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

அதற்குப்பின் வின்ச் சத்தம் கேட்டாலே கை தானாகச் சட்டைப்பைக்குள் போய்விடும். மாதாகோவில் கதவைக்கூட அடிபடாத இடது கையால்தான் திறந்தாள்.

சனிக்கிழமை ஸ்ட்ராட்டோஸ் அவளைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டுதான் கடைக்கு வந்தான். தெஸ்பினா விரலில் போட்டிருந்த தையலைப் பார்த்தார், விளிம்பு வைத்த மாதிரியை எடுத்து வைத்தார். ஃபானியின் கை முஷ்டியாக மூடிக்கொண்டது.

"என்னால முடியல. திறக்க மாட்டேங்குது."

ஸ்ட்ராட்டோஸ் அந்த மோதிரத்தை எடுத்துத் தன் சுண்டுவிரல் நுனியில் மாட்டினான். அவளுடைய கம்பளிச் சட்டையின் தோளிலிருந்து மணிக்கட்டு வரை அழுத்தித் தேய்த்தான். பிறகு தன் தலைமுடிக்குள் விட்டு இழுத்தான். தெஸ்பினாவின் பின்னல் சால்வையையும் விடவில்லை.

"ஏய், அது புதுசு!" என்றார் அவர்.

"மாட்டல, பாத்தியா? ஒரு நூலும் மாட்டல." அவன் நெற்றியில் வேர்த்திருந்தது. "எனக்கும் பயம்தான், ஃபானி. அன்னிக்கு உங்கப்பா போன் பண்ணதும் பஸ்ஸை நடுரோட்டுல நிறுத்திட்டேன். ஆளுங்க எல்லாம் ஏசினாங்க."

அவள் முஷ்டியை மெல்லத் திறந்து, அடிபடாத இன்னொரு விரலை நீட்டினாள்.

"போடு. ஆனா முழுசாத் தள்ளாதே."

மோதிரம் மூட்டுவரை வந்து நின்றது.

"இங்கேயா?"

"இப்போதைக்கு இங்கே" என்றாள். பிறகு தெஸ்பினாவிடம் திரும்பினாள். "தங்கத்துல இதே மாதிரி செய்யுங்க. இழுத்தா உடனே கழண்டு வரணும், கொஞ்சம் தளர்வாவே இருக்கட்டும்."