நீலப் பென்சில்

அந்த வீட்டு வாசல் கதவுக்கு நல்ல தாழ்ப்பாள் உண்டு. ஆனால் அம்மா அதைத் தொட்டதே கிடையாது. படுக்கப் போகும்போது மகள்தான் போய்ப் போட்டுவிட்டு வருவாள். "அத்தை இருக்கிற வரைக்கும் திருடனுக்குக் கடப்பாரை வாங்குற செலவு மிச்சம்" என்று மருமகன் கிண்டல் செய்வார். அம்மாவும் கூடவே சிரிப்பாள். தாழ்ப்பாள் பக்கம் மட்டும் போகமாட்டாள்.

போர்க்காலத்துப் பழக்கம் அது. அம்மாவின் அண்ணன் லாரி ஓட்டியவர். தெருமுனையிலேயே ஹாரனை அலறவிடுவார் என்பதால் தெருவில் அவருக்குப் பெயரே ஹாரன்தான். படைக்கு மருந்து ஏற்றிக்கொண்டு போனவர் திரும்பவில்லை, தகவலும் இல்லை. இரண்டு வருஷம் அம்மா கதவைச் சாத்தாமல் காத்திருந்தாள். போர் முடிந்த பிறகு, அவரோடு வேலை பார்த்தவர் ஒருவர் வந்துதான், போன புதிதிலேயே ஆள் இறந்துவிட்டதைச் சொன்னார். எங்கே, எப்படி என்பது அவருக்கும் தெரியவில்லை.

அந்த இரண்டு வருஷமும் அவளைத் தாங்கியது செய்தித்தாளில் வந்த ஒரு குட்டிப் பாட்டு. எழுதியவர் பெயர் இல்லை.

"கதவைச் சாத்து தங்கச்சி,
காத்து குளிருது.
ஆத்தங்கரையில் அண்ணன் தூங்குறான்,
நீயும் கண்ணை மூடு."

அண்ணன் எங்கேயோ ஆற்றங்கரையில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறான் என்று நினைத்துக்கொள்வாளாம். பின்னால் மகளைத் தூங்க வைத்ததும் அதே பாட்டுதான்.

"எழுதின மகராசன் யாருன்னு கண்டுபிடிச்சுக் குடு. கையைப் பிடிச்சு ஒரு வார்த்தை சொல்லிட்டா எனக்குப் போதும்" என்பாள் அம்மா. இதயத்தில் கோளாறு என்று டாக்டர் சொன்ன பிறகு தினமும் கேட்க ஆரம்பித்தாள்.

மகளுக்கு வேலையே அந்தச் செய்தித்தாளின் பழைய இதழ்களைப் பாதுகாக்கும் பிரிவில்தான். தேடத் தேட, பெயரில்லாத பாட்டுகள் இன்னும் பல அகப்பட்டன. எல்லாமே சாவையும் பிரிவையும் பற்றியவை. போர்முனையிலிருந்து யாரோ சிப்பாய் எழுதி அனுப்பியிருப்பான் என்றார்கள் விஷயம் தெரிந்தவர்கள். அவளும் நம்பி, முன்னாள் சிப்பாய்களின் வீடு வீடாக ஏறி இறங்கினாள். செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம்.

கடைசியில் விடை அவள் நாற்காலிக்குப் பின்னாலேயே இருந்தது. கழித்துக்கட்ட வேண்டியவை என்று ஒதுக்கியிருந்த பழைய புரூஃப் தாள்கள். போர்க்காலத்தில் ஒவ்வொரு பக்கமும் அச்சேறுமுன் தணிக்கை அதிகாரியிடம் போகும். அவர் நீலப் பென்சிலால் அடித்த செய்தி வரக்கூடாது. அந்த இடம் வெள்ளையாகவும் இருக்கக்கூடாது; எதையோ மறைத்தது தெரிந்துவிடுமே. உடனே அச்சகத்தார் ஒரு சோப்பு விளம்பரத்தைத் திணிப்பார்கள். நாடே கருகிக்கொண்டிருந்தபோது செய்தித்தாளில் மட்டும் அவ்வளவு நுரை.

சில தாள்களில் மட்டும் சோப்பு இல்லை. அடித்த செய்திக்குப் பக்கத்து ஓரத்தில், அதே நீலப் பென்சிலில், அந்த இடத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஒரு பாட்டு.

அம்மாவின் பாட்டு வந்த நாளின் தாளை எடுத்து விரித்தாள். நீலக் கோட்டுக்கு அடியில் எழுத்துகள் தெளிவாகவே தெரிந்தன. குண்டு விழுந்து பாலம் இடிந்தது, மருந்து லாரி ஆற்றில் விழுந்தது, ஓட்டுநர் பலி. ஓட்டுநர் பெயர் மாமாவின் பெயர். அவருக்கு ஒரு தங்கை மட்டும் இருப்பதாகவும் போட்டிருந்தது.

அச்சகத்தின் பழைய ஃபோர்மேனுக்கு ஃபோன் செய்தாள்.

"ஓரத்துல எழுதுறதா? அது நம்ம நீலப் பென்சில். தணிக்கை அதிகாரியை அப்படித்தான் கூப்பிடுவோம். அடிச்சுட்டு, அரைமணி நேரம் தலையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரும்மா. அப்புறம் எழுதி நீட்டுவாரு. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினாரு. இப்ப தனியாத்தான் இருக்காரு. யாரையும் பார்க்கிறதில்ல."

கவிஞர் கிடைத்துவிட்டார். ஆனால் அம்மாவை இரண்டு வருஷம் வாசலில் உட்கார வைத்த மனிதரும் அவர்தான். இதை எந்த வாயால் சொல்வது? சொன்னால் அந்த இதயம் தாங்குமா? சொல்லாமல் விட்டால் கேட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்துவிடுவாளே. சில நாள் தள்ளிப்போட்டாள். பிறகு ஒரு சாயங்காலம் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். மறைத்தவரைக்கும் போதும் என்று அவளுக்குத் தோன்றியது.

அம்மா அழவில்லை. பாட்டை ஒரு தடவை வாய்க்குள் முணுமுணுத்தாள். மூன்றாவது வரியில் நின்றாள்.

"சொல்லியிருக்காரு" என்றாள் மெதுவாக. "அன்னைக்கே சொல்லியிருக்காரு. நான் அதைத் தாலாட்டுன்னுல்ல நினைச்சேன்."

"கோவமா இருக்காம்மா?"

"இல்லாம இருக்குமா? ரெண்டு வருஷம்டி." வாசல் பக்கம் திரும்பினாள். "ஆனா என் அண்ணனுக்காக அன்னைக்கு அழுதது அவரு ஒருத்தருதானே. எனக்கே தெரியாதப்போ."

இருட்டத் தொடங்கியிருந்தது. எப்போதும்போல் மகள் தாழ்ப்பாள் போட எழுந்தாள். அம்மா அவள் முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இரு. நாளைக்கு அவரைக் கூட்டிட்டு வா. அவரு ஒருதடவை வந்துட்டுப் போகட்டும். அப்புறம் நானே சாத்திக்கிறேன்."