சமாதானம் அண்ணன் கை நீட்டினார்

பஸ் டிப்போவில் அவருடைய சொந்தப் பெயரே யாருக்கும் ஞாபகமில்லை. சமாதானம் அண்ணன்தான். இரண்டு சங்கத்து ஆட்களும் கம்பியும் கல்லுமாக மோதப் போனபோது தனியாளாக நடுவில் போய் நின்றவர். அதற்குப் பிறகு டிரைவர் கண்டக்டர் தகராறிலிருந்து புருஷன் பெண்டாட்டி சண்டைவரை எல்லாம் ஒர்க்‌ஷாப்புக்கு அவரைத் தேடித்தான் வரும். யார் எப்படிக் கத்தினாலும் இவர் குரல் ஏறாது.

வீட்டில் வேறு ஆள். வெளியில் விழுங்கியதையெல்லாம் வீட்டுக்குள் வந்துதான் கக்குவார்.

அன்று சாயங்காலம் வந்த கையோடு போன். எங்கேயோ மாமியார் மருமகள் பிரச்சினையாம். கிளம்பியவரை மகன் மறித்தான்.

"அம்மா முதுகுவலின்னு எத்தனை நாளாச் சொல்றாங்க? டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போக உங்களுக்கு நேரமில்ல. அடுத்த வீட்டுக் குறைன்னா மட்டும் காது நல்லாக் கேக்குது, இல்ல?"

பளாரென்று ஒரு அறை. கல்யாண வயசுப் பிள்ளை. பையை எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போய்விட்டான். மனைவி அதிர்ச்சியடையக்கூட இல்லை. அதுதான் அவருக்குச் சுருக்கென்றது.

மறுநாள் டிப்போவில் அவருக்குப் பாராட்டுக் கூட்டம். "பொறுமைக்கு இன்னொரு பேரு நம்ம அண்ணன்" என்று மேனேஜர் கேடயத்தை நீட்டினார். இவர் கூனிக் குறுகிப் போனார்.

"இதுக்கெல்லாம் நான் லாயக்கில்லப்பா. நேத்து என் பையனைக் கை நீட்டி அடிச்சிட்டேன்."

கூட்டம் ஒரு கணம் திகைத்தது. அப்புறம் கூரை பிய்ந்துவிடும்போலக் கைதட்டல். "எவ்வளவு பெரிய மனசு பாருங்க! யார் இப்படி வெளிப்படையாச் சொல்லுவா?" என்றார் மேனேஜர். போன வாரம் தன் மனைவியை அடித்துவிட்டு இவரிடம் புத்திமதி கேட்டுப் போன மெக்கானிக்கின் முகத்தில் அப்படியொரு நிம்மதி. இவர் அதைப் பார்த்தார். நேராக அவனிடம் போனார்.

"நான் செஞ்சது தப்புடா. அதைச் சாக்கா வச்சுக்காதே."

"சரிண்ணே, சரிண்ணே" என்று அவன் சிரித்துக்கொண்டே தலையாட்டினான்.

அங்கிருந்து தங்கை வீட்டுக்குப் போனார். "வாண்ணே, நீ பேசினா மசியாதவங்க உண்டா? ரெண்டு வார்த்தை சொல்லிக் கூட்டிட்டுப் போ" என்றாள் தங்கை.

மகன் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஊராருக்குச் சொல்லும் நல்ல வார்த்தைகள் நாக்கு நுனிவரை வந்தன. சொல்லக் கூசியது.

"அடிச்சது தப்புப்பா. நீ கேட்டது நியாயம்."

"மன்னிச்சிட்டேன்னு நான் சொல்லணுமா?"

"வேணாம்."

"நான் இப்ப வர மாட்டேன்."

"சரி."

"என்னண்ணே, சரின்னு விட்டுட்டே?" என்று தங்கை பதறினாள்.

"அவன்கிட்ட பேச எனக்கு வாய் இல்லம்மா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

மகன் வீடு திரும்ப ஒரு மாசமாயிற்று. வந்தவன் அம்மாவிடம் மட்டும் பேசினான். இவர் அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை கூடத்திலேயே உட்கார்ந்திருந்தார், ஒன்றும் கேட்காமல்.