மலைக்குத் திரும்பியவர்

இறந்துபோன அப்பாவின் தாடையைக் கட்டத் துணி தேடி அலுத்துப்போய், ரஞ்சிதம் கடைசியில் அவருடைய கடைச் சரக்கிலிருந்தே கொஞ்சம் லேஸை வெட்டினாள். வெள்ளை லேஸை உச்சந்தலையில் முடிந்ததும், பல்வலியோடு படுத்திருப்பவரைப் போலிருந்தார் நஜீப். பல இரவுகள் விழித்த அவள் கண்கள் எரிந்தன. அழுகை வரவில்லை. எங்காவது உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது.

அப்பா வாலிபத்தில் லெபனான் மலையிலிருந்து லேஸ் விற்க வந்தவர். கோலார் தங்கவயல் ஜோசஃபினை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு சிவாஜிநகரிலேயே தங்கிவிட்டார். ரம்ஜான் மாதம் பள்ளிவாசலில் கஞ்சி குடிப்பார். கிறிஸ்துமஸ் பூசைக்கு மனைவியோடு போய்க் கடைசி வரிசையில் நிற்பார். இரண்டு பக்கமும் அவரைத் தங்கள் ஆள் என்றே நினைத்திருந்தது.

இப்போது இரண்டு பக்கமும் வந்திருந்தது. வாசலில் பக்கத்துக் கடை கௌஸ் பாய், ஆட்களோடும் உடலைத் தூக்கிப்போகும் சந்தூக்கோடும். கூடத்தில், பங்குக் கோயிலுக்குப் புதிதாக வந்த ஆம்ப்ரோஸ் சாமியார்.

"எங்காளு மா அவரு. நீ ஒண்ணும் யோசிக்காத, எல்லாம் நாங்க பாத்துக்கறோம்," என்றார் கௌஸ் பாய்.

சாமியார் குரலைத் தாழ்த்தினார். "உங்க அம்மா நம்ம கல்லறையில எடம் கேக்கறாங்க. அவரு ஞானஸ்நானம் வாங்கினவரா? அதை மட்டும் சொல்லும்மா."

"இதோ வந்துடறேன் சாமி."

சமையலறையில் ஜோசஃபின் அடுப்பு முன்னால் நின்றிருந்தாள்.

"வாங்கினாருன்னு சொல்லிடுடி. அந்த ஊர்ல யாரு போய்ப் பாக்கப் போறா?"

"பொய் சொல்லச் சொல்றியா?"

"உங்கப்பா மட்டும் இத்தனை வருஷம் அரிச்சந்திரனாட்டம் இருந்தாராக்கும்!"

அவர் மறைத்தது என்னவென்று ரஞ்சிதத்துக்குத் தெரியும். காய்ச்சல் சற்றுத் தணிந்த ஒரு மாலையில் அப்பா சொல்லியிருந்தார். அவர் துரூஸ். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கெய்ரோவில் தொடங்கிய மார்க்கம். அங்கே ஆண்ட கலீபா ஓர் இரவு மலைப் பக்கம் போனவர் திரும்பவில்லை. திரும்புவார் என்று இன்னும் காத்திருக்கிறார்கள். கொஞ்ச காலத்தில் கதவை அடைத்துவிட்டார்கள். அதன்பின் வெளியாள் யாரும் உள்ளே வர முடியாது, கட்டிய மனைவியும்கூட. வேதத்தைத் தீட்சை பெற்றவர்கள் மட்டுமே படிக்கலாம். "எனக்கே பாதிதான் தெரியும்," என்று சிரித்தார். அந்நியர் நடுவில் அவர்களைப் போலவே இருந்துகொள்ளத் தடையில்லை. உடம்பு ஒரு சட்டை. கழற்றிய அந்தக் கணமே உயிர் தங்கள் ஜனத்தில் பிறக்கும் ஒரு குழந்தைக்குள் போய்விடும்.

"அப்ப நாங்க?" என்று கேட்டாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மோட்சத்தில் அவரைப் பார்க்கலாம் என்றிருக்கும் அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது? இவ்வளவு நாள் சொல்லவில்லை.

"அம்மா, மோட்சத்துல அப்பா உனக்காக..."

"இருக்க மாட்டாரு. தெரியும்டி." ஜோசஃபின் திரும்பவில்லை. "கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிட்டாரு. 'செத்தா உன்கூட வரமாட்டேன், எங்க மலையில போய்ப் பொறந்துடுவேன். சம்மதமா?'ன்னாரு. அந்த வயசுல யாருக்கு சாவைப் பத்தி யோசனை? சரின்னுட்டேன்."

அடுப்பைக் கொஞ்சம் தணித்தாள்.

"உசுரு அங்க போவட்டும். அந்த ஒடம்புக்கு நான்தானே சோறு போட்டேன். அதுவாவது என் பக்கத்துல கெடக்கட்டும்."

ரஞ்சிதம் கூடத்துக்கு வந்தாள்.

"வாங்கியிருக்காரு சாமி. சின்ன வயசுலயே, அவங்க ஊர்ல."

சாமியார் தலையசைத்தார். வாசலில் கௌஸ் பாய் தரையைப் பார்த்தபடி நின்றார். சந்தூக்கைத் திருப்பிக் கொண்டுபோகும்படி ஆட்களுக்குக் கை காட்டினார்.

"மண்ணு போட நாங்க வரலாமில்ல மா?"

"நீங்க இல்லாமயா பாய்."

அவள் திரும்பியபோது அம்மா சமையலறைத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். ரஞ்சிதமும் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெளியே உச்சி வெயில்.

"அவங்க ஊர்ல இப்ப விடிஞ்சிருக்குமாடி?"

"விடிஞ்சிருக்கும்மா."



"அப்ப இந்நேரம் ஒரு தடவையாவது பால் குடிச்சிருப்பாரு," என்றாள் ஜோசஃபின். பிறகு கையை ஊன்றி எழுந்து, வந்தவர்களுக்குக் காப்பி ஆற்றத் தொடங்கினாள்.