லல்லா தூதாவின் மாவுக்கட்டு

ஊற்றடியில் யம்னா குடத்தை இறக்கி வைப்பதற்குள் ரக்கியா ஆரம்பித்துவிட்டாள்.

"ஏடி யம்னா, உன் சக்களத்திக்குக் கழுத்து மட்டும் நாலு கழுதை நீளமாமே!"

"இருந்துட்டுப் போகட்டும். தழை தின்கிறவதானே, கறி கேட்டு ஹம்முவ நச்சரிக்க மாட்டா" என்றாள் இன்னொருத்தி.

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். யம்னாவும் சிரித்து வைத்தாள். முகத்தைச் சுளித்தால் இன்னும் சொல்வார்கள்.

பனி உருகிய கையோடு நகரத்துப் பல்கலைக்கழகத்து ஆட்கள் மேற்குச் சரிவில் கூடாரம் போட்டிருந்தார்கள். சிவந்த பாறைக்குள்ளிருந்து அந்த மிருகம் எலும்பு எலும்பாக வெளியே வந்துகொண்டிருந்தது. டைனோசர் என்ற பேர் ஊரில் யார் வாயிலும் சரியாக நுழையவில்லை. பெட்டையாக இருக்கலாம் என்று யாரோ சொல்லப்போக, கூலிக்குப் போன ஆண்கள் அதற்கு லல்லா தூதா என்று பேர் வைத்துவிட்டார்கள். மதிப்பான வீட்டுப் பெண்களைத்தான் லல்லா என்பார்கள். யம்னாவை இதுவரை ஒருவரும் அப்படி அழைத்ததில்லை.

அவள் புருஷன் ஹம்மு அதிகம் பேசாத மனிதன். ஆடு குட்டி போட்டாலும் ஒரு வார்த்தை, கூரை ஒழுகினாலும் ஒரு வார்த்தை. இப்போது ராத்திரிச் சாப்பாட்டில் வாய் ஓயவில்லை.

"தூதாவோட தொடையெலும்பு முழுசா தெரிஞ்சிடுச்சு. சின்ன பிரஷ்ஷாலதான் தொடணும். அழுத்தினா உதிர்ந்துடுவா."

உதிர்ந்துவிடுவாளாம். பார்லி மாவை இடது கையால் அழுத்த முடியாமல், வலது கையாலேயே பிசைந்து சுட்ட ரொட்டியை அவன் பக்கம் தள்ளினாள் யம்னா.

"நாளைக்கு அதுக்கும் மாவுக்கட்டு போடறோம். அப்பத்தான் லாரியில உடையாம போகும்."

மாவுக்கட்டு. அந்த ஒரு சொல் அவளுக்குள் முள்ளாக இறங்கியது. முந்தின வருஷத்துப் பனியில், அக்ரூட் மரத்தடியில் வழுக்கி விழுந்தபோது அவள் மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதையைப் பனி மூடியிருந்தது. ஹம்மு இரண்டு நாணல் குச்சிகளை வைத்துத் தன் தலைப்பாகைத் துணியால் கட்டினான். எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. அல்லாஹ்வின் நாட்டம் என்று அவளும் பேசாமல் இருந்துவிட்டாள். இன்று, செத்து எத்தனையோ யுகமான ஒன்றுக்கு மாவுக்கட்டு.

மறுநாள் காலையில் அவள் வேண்டுமென்றே அவனுக்குச் சாப்பாடு கட்டித் தரவில்லை. வெயில் ஏறியதும் ரொட்டியும் ஒலிவ எண்ணெய்ப் புட்டியுமாகத் தானே மலையேறினாள். அவன் எப்படித்தான் தொடுகிறான் என்று பார்த்துவிட வேண்டும்.

ஹம்மு மண்டியிட்டிருந்தான். சாக்குத் துணிப் பட்டையை வெள்ளைக் கரைசலில் முக்கி, எலும்பின் மேல் வைத்து, உள்ளங்கையால் நீவினான். "பிஸ்மில்லா... மெதுவா, மெதுவா" என்று அவன் உதடுகள் முணுமுணுத்தன. தூக்கம் கலையாமல் குழந்தையைப் புரட்டிப் படுக்கவைக்கிறவன் போல இருந்தான். அவள் நெஞ்சு காந்தியது.

கூட வேலை செய்யும் ஸாயித்தான் அவளை முதலில் கண்டான். "வா யம்னா, நீயாவது சொல்லு. இந்தக் கட்டுப் போடற வேலைய ஒருத்தரையும் தொட விடமாட்டேங்கிறான் உன் புருஷன். கையெல்லாம் வெந்து கெடக்கு."

"அவளுக்கு வலிச்சிடக் கூடாதில்ல?" என்றாள் யம்னா. குரல் அவள் நினைத்ததைவிட உரக்க எழும்பியது. "உயிரோட இருக்கறவளுக்கு ரெண்டு நாணல் குச்சி போதும்."

உளிச் சத்தம் நின்றது. ஹம்மு திரும்பவில்லை. கையிலிருந்த பட்டையிலிருந்து வெள்ளை நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அன்னைக்கு எனக்குக் கட்டத் தெரியல" என்றான். "இங்க வந்து முதல் கட்டுப் போட்டப்பதான், உன் கையில எங்க தப்புப் பண்ணேன்னு புரிஞ்சது. அதான் வேற யார்கிட்டயும் விட மனசு வரல."

அவளுக்குக் கோபம் தீரவில்லை. கற்றுக்கொண்டதெல்லாம் இந்தத் தூதாவுக்குத்தானே போகிறது என்று ஒரு குரல் உள்ளே கேட்டது. ஆனாலும் அவன் பட்டையை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தபோது அவள் பார்த்தாள். விரலிடுக்குகளெல்லாம் வெடித்து, வெள்ளைப் பூச்சுக்கடியில் ரத்தம் கோடு கோடாக உறைந்திருந்தது. இதே கைதான் தினமும் ராத்திரி அவள் கொடுத்த ரொட்டியைப் பிட்டது. அவள் அவன் வாயிலிருந்து வந்த பேரை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ரொட்டிக்கென்று கொண்டுவந்த எண்ணெயை அவன் உள்ளங்கையில் ஊற்றி, வெடிப்பு வெடிப்பாகத் தேய்த்துவிட்டாள். நாலு பேர் முன்னால் புருஷன் கையைத் தொடுகிற வழக்கம் அந்த ஊரில் இல்லை. ஸாயித் அவசரமாக எதிர்மலைப் பக்கம் திரும்பி எதையோ தேடத் தொடங்கினான்.

"கைய வச்சுப் பாரு" என்றான் ஹம்மு. "இறுகறப்ப சூடா இருக்கும்."

அவள் கோணல் கையை ஈரக் கட்டின் மேல் வைத்தாள். பால் கறக்கப் போகும்போது பசுவின் விலாவில் படுகிற சூடு. "பாவம், இதுவும் அல்லாஹ் படைச்ச ஜீவன்தானே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லி முடித்த பிறகும் கையை எடுக்கத் தோன்றவில்லை. எடுத்தபோது அங்கே அவள் கை பதிந்திருந்தது. ஹம்மு அதை நீவி அழிக்கவில்லை.

லாரி புறப்பட்ட காலையில் பெண்கள் ஊற்றடியில் கூடி நின்றார்கள்.

"தொலைஞ்சாடி உன் சக்களத்தி!" என்று ரக்கியா அவள் இடுப்பில் இடித்தாள்.

ஓடையைக் கடக்க லாரி வேகம் குறைந்தது. வெள்ளைப் பொதிகளுக்கு நடுவே ஹம்மு உட்கார்ந்திருந்தான், அவை குலுங்காமல் பார்த்துக்கொள்ள. விரல்கள் ஒருபுறமாகச் சாய்ந்த தன் கைத்தடத்தை யம்னா தேடினாள். காணவில்லை. அது இருந்த இடத்தின் மேல், எண்ணெய் மினுங்க, அவன் கை இருந்தது.