முடி கொட்டாத நாய்

எண்பத்திரண்டில், எருமப்பட்டிப் பக்கம் மருதாசலம் கோழிப்பண்ணை வைத்த மறுவருஷம், அவர் மனைவி வள்ளியாத்தாளுக்கு மூச்சு இளைப்பு வந்தது. நாமக்கல் டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார்.

“தூசி படற வேலை ஏதாவது செய்யறீங்களா?”

மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவள் வாய் திறப்பதற்குள் மருதாசலம் முந்திக்கொண்டார். “அதெல்லாம் இல்லீங்க. ஊட்டுல ஒரு நாய் கெடக்குதுங்க.”

“சிலருக்கு நாய் முடி ஒத்துக்காது. கொஞ்ச நாள் தள்ளி வெச்சுப் பாருங்க.”

தினமும் தீவனக் கொட்டகையில் சோள மாவையும் கருவாட்டுத் தூளையும் மண்வெட்டியால் புரட்டிக் கலப்பவள் வள்ளியாத்தாள்தான். தலைமுடி, புருவமெல்லாம் வெளுத்துத்தான் வெளியே வருவாள்.

அவள் சந்தைக்குப் போயிருந்தபோது மருதாசலம் அவளுடைய நாய் செவலையை முட்டை லாரியில் ஏற்றிவிட்டார். கரூரைத் தாண்டி எங்கோ இறக்கிவிட்டதாக டிரைவர் சொன்னான். கண் திறக்காத குட்டியிலிருந்து துணியைப் பாலில் நனைத்து ஊட்டி அவள் வளர்த்த நாய் அது. வள்ளியாத்தாள் பஸ் ஏறிப் போய் அந்த ரோடு முழுக்கத் தேடினாள். கிடைக்கவில்லை. இளைப்பும் போகவில்லை.

அடுத்த மாதம் பெங்களூர் போன மருதாசலம் கூடையில் சுருட்டை முடி வெள்ளை நாய் ஒன்றைக் கொண்டுவந்தார்.

“இதுக்கு முடியே கொட்டாதாம் புள்ள. இளைப்புக்காரங்க ஊட்டுல வளக்கறதுக்குன்னே இருக்கற சாதியாம். தின்னறதுக்கு டப்பாத் தீனி. சோறு போட்டா அதுக்கு அரிப்பு வந்துருமாம்.”

வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அதைத் தூக்கிக் காட்டினார். தடவியவர்கள் கையில் கொத்தாக முடி ஒட்டிக்கொண்டது.

ஒரு நாள் காலை கொட்டகையிலேயே வள்ளியாத்தாளுக்கு மூச்சு அடைத்தது. வாசலுக்குத் தவழ்ந்து வந்து தூணைப் பிடித்துக்கொண்டாள். மருதாசலம் பார்த்துவிட்டு, “இதுவும் ஒத்துக்கல போல. இன்னைக்கே லாரில ஏத்திடறேன்” என்று நாயின் கழுத்தைப் பிடித்தார்.

“உடுங்க அத!” மூச்சு திரும்பியதும் கத்தினாள். “எங்கம்மா ஊட்டுக்குப் போனா நாலு நாய் காலடியில கெடக்குது. அங்க எனக்கு ஏனுங்க இளைப்பு வரல?”

மருதாசலம் நாயின் கழுத்தை விட்டார்.

“டாக்டர் தூசின்னு கேட்டாரே, நீங்க என்ன சொன்னீங்க? நானு சாவறேன், உங்களுக்குக் கோழி பெருசு! வாயில்லாத சீவன் மேல பழியப் போட்டுட்டீங்களே!”

“சரி, சத்தம் போடாத. நாளைக்கே கூலிக்கு ஒருத்திய வெச்சுக் கலக்கிக்கறேன்.”

“அவளுக்கு நெஞ்சு இல்லீங்களா? நீங்க கலக்குங்க. கோழி உங்களுதுதானே?” மண்வெட்டியை அவர் காலடியில் எறிந்தாள். மறுநாள் தனியாகவே பஸ் ஏறி டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு அவள் கொட்டகைப் பக்கம் போகவேயில்லை. மருதாசலம் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு தானே கலந்தார். வெள்ளை நாய் அவளிடம் சோறு தின்று வளர்ந்தது. அரிப்பு எதுவும் வரவில்லை. தீபாவளிக்குள் அவள் மூச்சு சீரானது. கோபம் மட்டும் ஆறவில்லை.

கார்த்திகையில் ஒரு சாயங்காலம் மருதாசலம் இருமிக்கொண்டே வந்து உட்கார்ந்தார்.

“நெஞ்செல்லாம் அடைக்குது புள்ள. கொஞ்சம் சுடுதண்ணி குடு.”

வள்ளியாத்தாள் முறத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

“அடுப்பு மேல இருக்குதுங்க. எடுத்துக் குடிங்க.”